வீட்டுக்குப் பெயர் உள்ள ஊர்

கொஞ்சம் நீளமான பதிவு, நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

மாலைதீவில் மூன்று வருடம் படிப்பித்த கதையை எழுதச் சொல்லி நம்ம ஊர்ப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப் பேருக்குச் சம்பளம் எவ்வளவு என்றுதான் தெரியவேண்டும். அதை இன்பொக்ஸில் கேளுங்கள். இங்கே எழுதப்போவது வேறு விஷயம். எழுதாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தோம், காரணம் கடைசியில் விளங்கும்.

2013 ஜனவரியில் சம்பளமற்ற விடுமுறை எடுத்துக்கொண்டு போனோம். நாங்கள் என்றால் கணவன், மனைவி, அப்போது நாலு வயதான மகள். இருவரும் ஆசிரியர்கள். புறப்படும்போது ஊரில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "முஸ்லிம் நாடுதானே, உங்களுக்கென்ன." எங்களுக்கும் அதே நினைப்புத்தான். தொழுகை ஒன்று, நோன்பு ஒன்று, மத்ஹபும் ஷாஃபிதான். கடிகாரத்தைக்கூட அரை மணித்தியாலம் பின்னால் தள்ளினால் போதும். கட்டுநாயக்கவிலிருந்து மாலேக்கு விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம். மடுல்சீமையிலிருந்து பசறை, பதுளை என்று இறங்கிக் கொழும்புக்குப் போய்ச் சேர்வதுதான் எங்களுக்குப் பெரிய பயணமாக இருந்தது.

மாலேயிலிருந்து ஹனிமாதுவுக்கு இன்னொரு சின்ன விமானம், பிறகு படகு. வடக்கே ஹா தாலு அட்டோலில் ஒரு தீவு. (அட்டோல் என்ற சொல்லே அவர்களுடைய பாஷையிலிருந்துதான் உலகத்துக்குப் போனது.) தீவின் பெயர் வேண்டாம். அங்குள்ளவர்கள் இன்னும் எங்கள் முகநூலில் இருக்கிறார்கள், மொழிபெயர்த்து வாசித்துவிட்டு வம்புக்கு வருவார்கள்.

தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால் இருபது நிமிடம். அந்த நாட்டில் ஏறத்தாழ 1,200 தீவுகள், ஆட்கள் குடியிருப்பது அதில் 200க்கும் குறைவு. முழு நாட்டின் சனத்தொகை அப்போது நம்ம பதுளை மாவட்டத்தின் பாதியளவுதான் இருந்தது. நாடு முழுக்கத் தேடினாலும் இயற்கையான மேட்டுநிலம் இரண்டரை மீற்றரைத் தாண்டாது. எங்கள் பாடசாலைக் கூரை அதைவிட உயரம்.

இதில் எங்களுக்கு முதலில் தடுமாறியது கால் இல்லை, வாய். நம்ம ஊரில் திசை என்றால் மேலேயும் கீழேயும்தான். மேல் டிவிஷன், கீழ் டிவிஷன், "மேல போய்ட்டு வாறேன்", "கீழ கடையில வாங்கு". யாரும் கிழக்கு மேற்கு பார்த்து நடப்பதில்லை. அங்கே போன முதல் வாரம் மகள் "மேல கடைக்குப் போவோம்" என்று அடம்பிடித்தாள். மேலே என்று ஒன்று இல்லை. அவளுக்கு அதை எப்படிச் சொல்வது என்று எங்களுக்கும் தெரியவில்லை. பத்தாம் வகுப்புக்குக் கணிதத்தில் சாய்வு படிப்பிக்க வந்தபோது அதே சிக்கல் திரும்பவும் வந்தது. மடுல்சீமையில் யன்னலைக் காட்டினால் பாடம் முடிந்தது. அங்கே பிள்ளைகளைத் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், படகில் மீன் இறக்கப் போட்டிருந்த பலகையைக் காட்டினோம். "இதை விடச் செங்குத்தான இடத்தில் மனிசர் வீடு கட்டி இருப்பார்களா சேர்?" என்று ஒருவன் கேட்டான். ஊர்ப் படத்தைக் காட்டினோம். சின்ன உலக முடிவில் நின்று எடுத்த படத்தை அவன் நம்பவே இல்லை.

நாய் இல்லை. சட்டப்படியே நாய் வளர்க்க முடியாது. அட்டையும் இல்லை. மழைக்கு ஒதுங்கி நிற்கும்போது கால் விரலிடுக்கைத் தடவிப் பார்க்கும் பழக்கம் எங்களை விட்டுப் போக ஒரு வருடம் எடுத்தது. குடிக்க மழைத் தண்ணீர். ஒவ்வொரு வீட்டிலும் பெரிய தொட்டி வைத்துப் பிடித்து, அடுத்த மழை வரை கணக்குப் பார்த்துக் குடிப்பார்கள். கிணற்றுத் தண்ணீர் குளிக்க மட்டும், அதிலும் உப்புக் கரிக்கும். பீலியில் இராப் பகலாக ஓடுகிற தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். முதல் மாதம் ஒரு வாளியை நிறைய விட்டு வழியவிட்டதற்குப் பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்து குழாயைப் பூட்டினார். திட்டவில்லை, ஆனால் அந்த முகம் இன்னும் நினைவிருக்கிறது. 2014 டிசம்பரில் மாலேயில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் தீப்பிடித்து, இந்தியாவிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் வந்தபோதுதான் அந்த முகத்தின் அர்த்தம் முழுசாக விளங்கியது.

அந்தப் பெண்ணை நாங்கள் "தத்தா" என்று கூப்பிட்டோம். அவர்களுடைய திவெஹி பாஷையில் மூத்த சகோதரிக்கு அதுதான் சொல். நம்ம வீடுகளில் மூத்த அக்காவைத் தாத்தா என்பதில்லையா, அந்த நெருக்கம் எங்களுக்குப் பெரிய ஆறுதல். பாஷையில் கைகொடுத்தது தமிழ் இல்லை, சிங்களம். ஏக்கே, தே, தினே, ஹதரே, ஃபஹே என்று பிள்ளைகள் எண்ணும்போது பதுளைச் சந்தையில் நிற்பது மாதிரியே இருந்தது. ஆனால் அதை நம்பி ஏமாந்ததும் உண்டு. சிங்களத்தில் மஸ் என்றால் இறைச்சி, திவெஹியில் மஸ் என்றால் மீன். போன புதிதில் கடையில் மஸ் கேட்டு, வீட்டில் பெருநாள் ஆணத்துக்கு மசாலாவும் அரைத்து வைத்திருந்தால், கையில் வந்தது சூரை மீன். பிறகு மூன்று வருடமும் சூரைதான். காலையில் தேங்காய்ப்பூவில் பிசைந்து ரொட்டியோடு, மத்தியானம் அவித்த தண்ணீரோடு சோற்றுக்கு, பின்னேரம் தேநீருக்குக் கடிக்க. நம்ம சம்பலுக்கு ஒரு துண்டு மாசி போட உம்மா எவ்வளவு யோசிப்பார் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டோம்.

தேயிலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தத்தா ஒரு நாள் கண்ணாடிக் கிளாஸில் பால் இல்லாத தேநீர் தந்தார். வாசமே வேறு மாதிரி. என்ன தேயிலை என்று கேட்டால் பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார். சிங்கப் படம் போட்ட இலங்கைப் பெட்டி, ஊவா என்று எழுதியிருந்தது. நம்ம டவுனில் இத்தனை வருடம் நாங்கள் குடித்தது டஸ்ட். நம்ம மலையின் நல்ல தேயிலையை முதல் தடவையாகக் குடிக்கக் கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது. இதைச் சொன்னதும் தத்தா சிரித்தார். எங்களால் சிரிக்க முடியவில்லை.

மார்க்கம் ஒன்றுதானே என்று போனோம் அல்லவா. பெண்களுக்கென்று தனிப் பள்ளிவாசல் இருந்தது, தொழுவிப்பதும் பெண். எங்கள் வீட்டில் அது பெரிய சந்தோஷம், மூன்று வருடமும் தராவீஹ் தவறவில்லை. நோன்பு திறக்கும்போதுதான் இடித்தது. கஞ்சி இல்லை. மேசை நிறைய மீன் வைத்த பலகாரமும் பழச்சாறும் இருக்கும், அந்த ஒரு கோப்பைக் கஞ்சி இருக்காது. முதல் நோன்புக்கு நாங்களே காய்ச்சித் தத்தா வீட்டுக்கும் கொடுத்தனுப்பினோம். "யாருக்குச் சுகமில்லை?" என்று கேட்டு அனுப்பினார்.

இன்னொன்று கொஞ்சம் கனமானது. எங்களுடைய விடுதியில் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு ஆசிரியர் குடும்பம் இருந்தது, இந்துக்கள். அந்த நாட்டுச் சட்டத்தில் வேறு மார்க்க வழிபாட்டைப் பகிரங்கமாகச் செய்ய முடியாது. 2014 தைப்பொங்கலுக்கு அவர்கள் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, கேஸ் அடுப்பில் சின்னச் சட்டியில் பொங்கினார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். பால் பொங்கியது. எங்கள் மகள் ஊரில் பக்கத்து லயத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து தொண்டை கிழியக் கத்திப் பழகியவள். "ஏன் யாரும் பொங்கலோ பொங்கல் சொல்றாங்க இல்ல?" என்று உரக்கக் கேட்டாள். அந்த அம்மா அவசரமாக அவள் வாயில் ஒரு கரண்டி பொங்கலை வைத்தார். அதே வருடம் ஜூனில் அளுத்கமையிலிருந்து செய்திகள் வரத் தொடங்கின. வைபரில் ஊருக்கு எடுத்து "கடையைப் பூட்டிட்டீங்களா வாப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் அந்தக் குடும்பம் இருந்தது. எண்ணிக்கையில் கூடியவர்களாக இருப்பது எப்படி இருக்கும் என்று எங்களுக்கு வாழ்க்கையில் ஒரே தடவை தெரிந்தது, அது அந்த மூன்று வருடம். அதை அனுபவித்தோம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, அனுபவிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

இனி வீட்டுப் பெயர்.

அங்கே வீட்டுக்கு இலக்கம் கிடையாது, பெயர்தான். பூவின் பெயர், காற்றின் பெயர், திசையின் பெயர். கொஞ்சம் வசதி வந்தவர்கள் ரோஸ், மூன்லைட் என்று ஆங்கிலத்தில் வைப்பார்கள். பனியைக் கண்ணால் கண்டிராத தீவில் ஸ்னோ என்று தொடங்கும் வீடும் உண்டு. அடையாள அட்டையில் அந்தப் பெயர்தான் விலாசம். ஒரே பெயரில் நாலு அஹ்மத் இருந்தால் வீட்டுப் பெயரைச் சொல்லித்தான் பிரிப்பார்கள். உலகத்திலேயே விவாகரத்து அதிகம் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறிய நாடு அது. வகுப்பில் பல பிள்ளைகளுக்கு இரண்டு வீடு இருந்தது. எங்கள் இடாப்பில் தாய் வீட்டுப் பெயரையும் தகப்பன் வீட்டுப் பெயரையும் எந்தக் கூச்சமும் இல்லாமல் எழுதித் தருவார்கள். எங்கள் மகளை முன்பள்ளியில் சேர்த்த நாள், "உன் வீட்டுப் பெயர் என்ன?" என்று டீச்சர் கேட்டார். வாடகை வீட்டின் பெயரை அவளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு "நானா கடை" என்றாள். அதுதான் ஊரில் எங்கள் கடைக்குத் தோட்டத்து ஆட்கள் சொல்லும் பெயர். நல்ல பகிடி என்று அன்று சிரித்தோம்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் ஆசிரியர் அறையில் போனில் பார்த்தோம். நம்ம மாவட்டம், நம்ம மாதிரித் தோட்டம், நம்ம மாதிரி லயம். தீவில் உள்ளவர்களுக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. கடல் வீட்டுக்குள் வரும் என்று அவர்களுக்குத் தெரியும், 2004 சுனாமியில் கண்டிருக்கிறார்கள். நிலம் வந்து வீட்டை மூடும் என்பது புரியவில்லை. பின்னேரம் தத்தா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்:

"போன வீடுகளின் பெயர் என்ன?"

துக்கம் விசாரிக்கும்போது அவர்கள் கேட்பது அதைத்தான். எந்த வீடு என்று தெரிந்தால் யார் என்று தெரியும். "அங்கே வீட்டுக்குப் பெயர் இல்லை தத்தா, லயம், அறை நம்பர்" என்றோம். "அப்போ கடிதம் எப்படி வரும்? ஆளை எப்படித் தேடுவார்கள்?" என்றார். அந்த நாட்களில் காணாமற்போனோர் தொகை ஒவ்வொரு செய்தியிலும் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. ஆளை எப்படித் தேடுவார்கள் என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. கடிதம் எப்படி வரும் என்ற கேள்விக்கு இருந்தது. அதைத்தான் அன்று அவருக்குச் சொல்லவில்லை. இன்று இங்கே சொல்கிறோம்.

தோட்டத்துக்கு வரும் கடிதம் எப்படிப் போய்ச் சேரும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. மொத்தத் தோட்டத்துக்கும் ஒரே விலாசம். ஒபீசுக்கு வந்து, அங்கிருந்து யாராவது கையில் கொடுத்து, அவர் லீவென்றால் அப்படியே கிடந்து. அதனால் நிறையப் பேர் டவுனில் தெரிந்த கடை விலாசத்தைக் கொடுப்பார்கள். மே/பா என்று போட்டு எங்கள் வாப்பாவின் பெயர். வாப்பா காலத்திலிருந்து எங்கள் கடையில் பிஸ்கட் பெட்டி ஒன்று கடிதத்துக்கென்றே இருந்தது. சாமான் வாங்க வருகிறவர்கள் அதைக் கிளறிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அந்தப் பெட்டி எங்களுக்குப் பெருமை. ஊருக்குச் செய்கிற உதவி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

2011இல் எங்களிடம் படித்த ஒரு பிள்ளை உயர்தரம் சித்தியடைந்து கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். அந்த லயத்தில் உயர்தரம் வரை வந்த முதல் ஆள். விலாசம் எங்கள் கடை. வாப்பா பதுளை ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு வாரம், பாடசாலை விடுமுறை, கடையில் நாங்கள்தான் மாறி மாறி இருந்தோம். நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொன்ன கடிதம் அந்த வாரம் வந்தது. பெட்டிக்குள் போடாமல் கடன் கொப்பிக்குள் செருகி வைத்துவிட்டோம், அவளைக் கண்டால் கையிலேயே கொடுக்கலாம் என்று. பிறகு மறந்துபோனோம். ஒன்பது நாள் கழித்துச் சம்பளத்தன்று யாருடையதோ கணக்கைப் பார்க்கத் திறந்தபோது கிடந்தது. பரீட்சை முடிந்து இரண்டு நாள்.

அன்று பின்னேரமே கொண்டுபோய்க் கொடுத்தோம். கொடுக்கும்போது வாயில் வந்தது, "தபால் பிந்தி வந்திருக்கு மகள்." அவள் தாயும் தபாலைத்தான் திட்டினார். நாங்களும் கூட நின்று தலையாட்டினோம். அடுத்த வருடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. கட்டுநாயக்கவுக்குக் கார்மென்ட் வேலைக்குப் போய்விட்டாள். எங்களுக்கு மாலைதீவுக்கு அழைப்பு வந்தது. அந்தக் கடிதம் தவறாமல் வந்தது, எங்கள் வீட்டுக்கு இலக்கமும் இருந்தது.

2015 முடிவில் திரும்பி வந்தோம். ஏழாம் வகுப்பில் கடிதம் எழுதும் பாடம். வலது பக்க மூலையில் விலாசம் எழுதச் சொன்னால் ஒரு பையன் எழும்பி, "சேர், தோட்டத்து விலாசமா, கடை விலாசமா?" என்று கேட்டான். இந்தக் கேள்வியை இருபது வருடமாகக் கேட்டிருப்போம். "எதையாவது எழுது" என்று சொல்லிக் கடந்திருப்போம். அன்று முடியவில்லை. உங்கள் வீட்டுக்கு நீங்களே ஒரு பெயர் வைத்து எழுதுங்கள் என்றோம். சிரிப்பும் சத்தமும். ஒருத்தி தன் அம்மாச்சியின் பெயரை வைத்தாள், தாய் குவைத்தில், அம்மாச்சிதான் வளர்க்கிறார். ஒருவன் கிரிக்கெட்காரன் பெயரை வைத்தான். ஒருவன் "ஒழுகாத வீடு" என்று வைத்தான். அவன் லயத்தின் தகரம் எப்படி என்று எங்களுக்குத் தெரியும்.

போன தீபாவளிக்கு அந்தப் பிள்ளை ஊருக்கு வந்திருந்தாள். கல்யாணம் முடித்து, பிள்ளையும் இருக்கிறது. வழமைபோலத் தட்டில் பலகாரம் கொண்டுவந்தாள். வாப்பா இப்போது இல்லை. கடையில் நாங்கள் இருவரும் இருந்தோம், வேறு ஆட்கள் இல்லை. சொல்லிவிட்டோம். கொப்பிக்குள் வைத்ததையும் தபால் என்று பொய் சொன்னதையும்.

அவள் தட்டைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"தெரியும் சேர்."

எப்படி என்று கேட்டோம்.

"கடுதாசிக்குப் பின்னால மடுல்சீமை தபால் கந்தோர் சீல் இருந்திச்சே. திகதி போட்டிருந்திச்சி. அன்னைக்கு ராத்திரியே பார்த்தேன்."

அம்மாவிடம் சொன்னாயா என்றோம். இல்லையாம். "சொன்னா அம்மா ஒங்க கடைக்கு வராது. பொறகு கடனுக்கு அரிசி எங்க வாங்குறது?" அதைக் கோபமாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வது மாதிரிச் சொன்னாள். போகும்போது பிஸ்கட் பெட்டியைப் பார்த்து, "இன்னும் இதேதானா சேர்?" என்றாள். அவள் அம்மாவுக்கு வரும் கடிதங்கள் இன்றைக்கும் எங்கள் கடைக்குத்தான் வருகின்றன.

பெட்டியை மாற்றிவிட்டோம். சுவரில் டிவிஷன் வாரியாகத் தட்டு அடித்திருக்கிறோம். கடிதம் வந்த அன்றே உறையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறோம். எங்கள் விலாசத்தைக் கொடுத்திருப்பவர்கள் தயவுசெய்து ஒரு போன் இலக்கத்தைக் கடையில் எழுதி வையுங்கள்.

இந்த வாரம் வந்து எடுக்காமல் இருப்பது நாலு. மேல் டிவிஷனுக்கு இரண்டு, அதில் ஒன்று வங்கியிலிருந்து. கீழ் டிவிஷனுக்கு ஒன்று. நாலாவதில் பெயர் நனைந்து அழிந்திருக்கிறது, பரீட்சைத் திணைக்களத்திலிருந்து வந்த நீள உறை. இந்த முறை பரீட்சை எழுதிய பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு யாராவது சொல்லிவிடுங்கள். இரவு ஒன்பது மணி வரை கடை திறந்திருக்கும்.